பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8: வாங்குறது, மாத்துறது, விக்கிறது – எல்லாரும் கேக்குற கேள்விகள்

லண்டன் பக்கம் இருக்குற நம்ம பசங்க பாதி பேருக்கு இந்த வண்டி மேல ஒரு கண்ணு. ஆட்டோ ட்ரேடர்ல (பழைய கார் விக்கிற சைட்) பாத்துட்டு லிங்க் அனுப்பி "இத வாங்கலாமா"ன்னு கேக்குறாங்க, பதில் சொல்லி சொல்லி ஒரே மாதிரி வருது, அதனால மொத்தமா ஒரே எடத்துல எழுதி வச்சிடுறேன். விலை, சட்டம் எல்லாமே யூகே கணக்கு.

ரெண்டாயிரம் மூவாயிரம் பவுண்டுக்கு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்குதே, என்ன வில்லங்கம்?

வில்லங்கம் இன்ஜின் தான், வேற எதுவும் இல்ல. அதே காலத்து ஹோண்டா எஸ்2000 இன்னிக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க, தலை சுத்தும். ஆர்எக்ஸ்-8 ஸ்டீயரிங், பேலன்ஸ், கியர் ஷிஃப்ட் எதுலயும் அதுக்குக் கொறஞ்சது இல்ல, முன்னாடி பின்னாடி எடை கிட்டத்தட்ட சரிபாதி. ஆனா இன்ஜின் எப்போ படுக்கும்னு யாருக்கும் தெரியாது, படுத்தா ரீபில்ட் பண்ண வண்டி விலைய விட அதிகம் ஆகும், அந்தப் பயம் தான் விலைய அமுக்கி வச்சிருக்கு. அதனால இத வாங்கும்போதும் சரி விக்கும்போதும் சரி நீங்க பேரம் பேசுறது காருக்கு இல்ல, அந்த இன்ஜின்ல மிச்சம் இருக்குற கம்ப்ரஷனுக்கு, அதாவது உள்ள காத்த அமுக்குற பலத்துக்கு. இது மண்டைல ஏறிடுச்சுன்னா கீழ இருக்குற பாதி கேள்வி தேவையே இல்ல.

1.3 லிட்டர்னு போட்டிருக்கு, ஊர்ல ஸ்விஃப்ட்டும் 1.3 தானே?

எங்க சித்தப்பாவும் இதே தான் கேட்டார். இதுல பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முட்டை மாதிரி ஒரு ஹவுசிங்குக்குள்ள முக்கோணமா ஒரு ரோட்டர் சுத்தும், அந்த மாதிரி ரெண்டு, ஒவ்வொண்ணும் 654 சிசி. ரோட்டர் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஷாஃப்ட் மூணு சுத்து சுத்திடும், அதனால மீட்டர்ல 9000 ஆர்பிஎம் காட்டும்போது உள்ள ரோட்டர் 3000 தான் சுத்துது. அந்த ஸ்மூத்னெஸ் வேற எந்த இன்ஜின்லயும் வராது. முக்கோணத்தோட மூணு மூலைலயும் அபெக்ஸ் சீல்னு ஒரு மெல்லிசான பட்டை இருக்கும், ஹவுசிங் சுவரை ஒட்டி உரசிக்கிட்டே போகும், அது தேஞ்சாலோ ஒடஞ்சாலோ கதை முடிஞ்சுது. மாஸ்டா 1967 காஸ்மோ ஸ்போர்ட்ல இருந்து இந்த ரோட்டரிய கட்டிக்கிட்டு அழுதவங்க, 1991ல லு மான்ஸ் ரேஸே இதுல ஜெயிச்சாங்க. ஆர்எக்ஸ்-8ல வர்றதுக்கு ரெனிசிஸ்னு பேரு, முன்னாடி வந்த ஆர்எக்ஸ்-7 மாதிரி டர்போ கிடையாது.

192, 231, ஆர்3 – எது எடுக்கலாம்?

192, 231 ரெண்டும் பவர் கணக்கு. 192 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி) வண்டிக்கு 5 கியர், ரெட்லைன் (இன்ஜின் சுத்துற வேகத்தோட எல்லை) கம்மி, ஆயில் கூலர் ஒண்ணு. 231க்கு 6 கியர், ரெண்டு கூலர், 9000 வரைக்கும் போகும். 192 ஒண்ணும் மோசமில்ல, ஆனா எப்படியும் பெட்ரோல் குடிக்கப் போகுது, டேக்ஸும் கட்டப் போறீங்க, அப்புறம் எதுக்கு சத்தம் பாதில நிக்கணும்? 231 எடுங்க. 2008ல மாத்தி விட்டாங்க, அதுல ஆர்3 தான் டாப்: பில்ஸ்டீன் டேம்பர், ரெகாரோ சீட், 19 இன்ச் வீல். அத விட முக்கியம், அந்த புது சீரிஸ்ல ஹவுசிங்குக்கு உள்ள ஆயில் அடிக்கிற இன்ஜெக்டர் ரெண்டுக்குப் பதிலா மூணு ஆச்சு, அபெக்ஸ் சீலுக்கு நல்லா ஆயில் போகுது. விலை நல்லா ஏறும், ஆனா நியாயமான ஏத்தம். யூரோ 5 புகை விதி வந்ததும் ஐரோப்பால 2010லயே நிறுத்திட்டாங்க, ஜப்பான்ல 2012 வரைக்கும் வந்துச்சு.

கம்ப்ரஷன் டெஸ்ட் கண்டிப்பா பண்ணணுமா? பக்கத்து கராஜ்ல பண்ணிக்கலாமா?

கண்டிப்பா. பக்கத்து கராஜ்ல வேணாம். சாதா கேஜ் ஒரு சிலிண்டர்ல வர்ற உச்ச பிரஷர மட்டும் பிடிச்சு வச்சுக்கும், ரோட்டருக்கு மூணு முகம் இருக்கு, அதுல ரெண்டு நல்லா இருந்து ஒண்ணு செத்திருந்தாலும் சாதா கேஜ் நல்லதத் தான் காட்டும். ரோட்டரிக்குன்னே தனி டெஸ்டர் இருக்கு, ஒவ்வொரு ரோட்டருக்கும் மூணு நம்பர், மொத்தம் ஆறு நம்பர் குடுக்கும், கூடவே ஸ்டார்ட்டர் எவ்ளோ ஆர்பிஎம்ல சுத்துச்சுன்னும் குடுக்கும். ஸ்டார்ட்டர் வேகமா சுத்துனா நம்பர் தானா ஏறும், அதனால எல்லாத்தையும் 250 ஆர்பிஎம் கணக்குக்கு மாத்திப் பாக்கணும். மாஸ்டா மேனுவல்படி புதுசு 830 கிலோபாஸ்கல், கொறஞ்சது 680, அதாவது 6.8 பார். ஒரே ரோட்டரோட மூணு முகத்துக்குள்ள வித்தியாசம் 150 தாண்டக் கூடாது, ரெண்டு ரோட்டருக்கும் நடுவுல 100 தாண்டக் கூடாது.

நான் எப்படிப் படிப்பேன்னா: ஆறும் 7.5க்கு மேல ஒரே சீரா இருந்தா சந்தோஷமா வாங்கலாம். 7 பக்கம் இருந்தா ஓட்டலாம், ஆனா ரீபில்ட் காசு ஒதுக்கி வச்சுட்டு விலைய இறக்கணும். 7.8, 7.7, 5.9ன்னு ஒண்ணு மட்டும் தொங்குச்சுன்னா அந்த முகத்துல சீல் போச்சு, மத்த நம்பர் எவ்ளோ அழகா இருந்தாலும் கிளம்பி வந்துடுங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது எடுத்த டெஸ்ட் தான் கணக்கு. "போன வருஷம் பண்ணேன், பேப்பர் எங்கயோ இருக்கு"ன்னா பண்ணல்லன்னு அர்த்தம்.

டெஸ்டர் இல்லாம வண்டிய பாக்கப் போறேன், எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சூடா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. பிஸ்டன் வண்டி விக்கிறவன் நீங்க வர்றதுக்கு முன்னாடியே இன்ஜின சூடு பண்ணி வச்சிருப்பான், ஏன்னா அதுல குளிர் ஸ்டார்ட்ல தான் சத்தமும் புகையும் வரும். ஆர்எக்ஸ்-8ல அப்படியே தலைகீழ். வீக்கான ரோட்டரி இன்ஜின் காலைல குளுர்ல நல்லாவே ஸ்டார்ட் ஆகும், சூடானப்புறம் தான் வண்டவாளம் தெரியும். அதனால ஒரு அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வாங்க, பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க, பத்து நிமிஷம் கழிச்சு சாவியத் திருப்புங்க. ரெண்டு மூணு செகண்ட்ல பிடிச்சா ஓகே. "கிர்ர் கிர்ர்"னு சுத்திக்கிட்டே இருந்து கடைசில தள்ளாடிப் பிடிச்சா அந்த இன்ஜினுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்க. "டெஸ்ட் டிரைவ் பெருசா வேணாம், தெருவ ஒரு ரவுண்டு போதும்"னு விக்கிறவர் சொன்னா ஏன்னு இப்போ புரியும். புதுசா பெரிய ஸ்டார்ட்டர் மாத்தியிருந்தா இந்த வியாதிய கொஞ்ச நாள் மறைக்கலாம், பில்ல கேட்டுப் பாருங்க.

வேற என்ன பாக்கணும்?

துரு. பின் வீல் ஆர்ச், அதுக்கு முன்னாடி வர்ற சில் (கதவுக்குக் கீழ ஓடுற பாடி விளிம்பு), குனிஞ்சு கைய விட்டுத் தடவிப் பாக்கணும், புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகம் தான். இங்க குளிர்காலத்துல ரோட்டுல போடுற உப்பு முன்னாடி போற ஆயில் கூலர் பைப்பையும் தின்னுடும், ஓட்டும்போது அது பிச்சுக்கிட்டா ஆயில் பூரா ரோட்டுல, இன்ஜின் கைல. அரசாங்க சைட்ல நம்பர் பிளேட் போட்டா எம்ஓடி (வருஷா வருஷம் பண்ற தகுதிச் சோதனை) ஹிஸ்டரி ஃப்ரீயா வரும், அதுல "கரோஷன்" (துரு) அட்வைசரி எத்தனை வருஷமா வந்துக்கிட்டு இருக்குன்னு பாருங்க. வருஷத்துக்கு 300 மைல் மட்டும் ஓடுன வண்டிய "லோ மைலேஜ்"னு பெருமையா போடுவாங்க, ரோட்டரிக்கு சும்மா நிக்கிறது நல்லதே இல்ல, ரெகுலரா லாங் போன வண்டி தான் எனக்குப் பிடிக்கும்.

ரோடு டேக்ஸ் ஒரு வண்டிக்கு நானூத்திச் சொச்சம், இன்னொண்ணுக்கு எழுநூறுக்கு மேல. ரெண்டும் 231 தானே?

ரெஜிஸ்டர் பண்ண தேதி. 2006 மார்ச் 23க்கு முன்னாடி ரெஜிஸ்டர் ஆனதுன்னா எவ்ளோ புகை விட்டாலும் டேக்ஸ் கே பேண்டோட (கம்மியான தட்டு) நின்னுடும். அந்தத் தேதியும் அதுக்கு அப்புறமும்னா எம் பேண்ட், ரெண்டு இன்ஜினுமே கிலோமீட்டருக்கு 255 கிராம் கார்பன் டை ஆக்சைடத் தாண்டுது, தப்பிக்க வழியில்ல. வருஷா வருஷம் முந்நூறு பவுண்டுக்கு மேல வித்தியாசம், அதனால 2006 ஆரம்பத்துல வந்த நல்ல வண்டி கிடைச்சா லாக் புக்ல (வண்டியோட பதிவுப் பத்திரம்) தேதிய முதல்ல பாருங்க. யூலெஸ் (லண்டன்ல புகை விடுற வண்டிக்கு வாங்குற கட்டணம்) பத்தி பயப்படாதீங்க, பெட்ரோல்ல யூரோ 4 இருந்தா போதும், இருந்தாலும் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துத் துறை) சைட்ல அந்த நம்பர் பிளேட்டப் போட்டுப் பாத்துட்டு காசு குடுங்க.

எனக்கு 20 வயசு. அப்பா பேர்ல இன்சூரன்ஸ் எடுத்து என்ன நேம்டு டிரைவரா (கூட ஓட்டுற ஆளா) போட்டுக்கலாமா அண்ணா?

தினமும் ஓட்டப் போறது நீ தான்னா அது ஃப்ரண்டிங், மோசடி தம்பி. நம்ம வீடுகள்ல இது சர்வ சாதாரணமா நடக்குது, ஆக்சிடென்ட் ஆகுற வரைக்கும். ஆச்சுன்னா கிளெய்ம தூக்கிப் போட்டுடுவாங்க, அப்பா பேர்லயும் கரும்புள்ளி, அடுத்த வருஷம் யாரும் கோட் (பிரீமியம் விலை) குடுக்க மாட்டாங்க. 25க்குள்ள இருந்தா இந்த வண்டிக்கு பிரீமியமே வண்டி விலைய தாண்டலாம், முதல்ல கோட் எடுத்துப் பாத்துட்டு அப்புறம் கனவு காணு.

டெய்லி ஓட்டலாமா?

எங்க போறீங்கன்றதப் பொறுத்து. தினம் மோட்டார்வேல 30 மைல் போறவங்களுக்கு ஓகே, பெட்ரோல் செலவு தாங்குனா. கம்பெனி சொன்ன கணக்கே 25 எம்பிஜி (கேலனுக்கு 25 மைல்) பக்கம், லண்டன் டிராஃபிக்ல 16, 17 வந்தா சந்தோஷப்படுங்க. ஆனா வீட்ல இருந்து ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் போயி முருங்கைக்காயும் மீனும் வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பி வர்றதுக்கு இந்த வண்டிய எடுத்தா அத விடக் கொடுமை எதுவும் இல்ல. குளிர் இன்ஜின்ல பெட்ரோல் நெறைய அடிக்கும், சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணா அந்த பெட்ரோல் உள்ளயே நின்னு ஹவுசிங் சுவத்துல இருக்குற ஆயில கழுவிடும், அடுத்த தடவ ஸ்டார்ட் ஆகாது. இதத்தான் ஃப்ளடிங்னு சொல்றது. கார் கழுவ டிரைவ்வேல இருந்து ரெண்டு அடி நகத்திட்டு ஆஃப் பண்றது தான் பேர்போன வழி. நகத்தினா சூடாகுற வரைக்கும் ஓட விடுங்க, பக்கத்து வீட்டுக்காரர் மொறைச்சா சிரிச்சு வைங்க.

ஃப்ளட் ஆயிடுச்சு, இப்போ என்ன பண்றது?

ஆக்சிலரேட்டர முழுசா அமுக்கிக்கிட்டு கிராங்க் பண்ணுங்க, அப்படிப் பண்ணா இன்ஜெக்டர் கட் ஆயிடும், உள்ள இருக்குற பெட்ரோல் வெளிய போகும். பத்து செகண்டுக்கு மேல ஒரே மூச்சுல வேணாம், ஸ்டார்ட்டர் வெந்துடும், நடுவுல ரெஸ்ட் விடுங்க. பேட்டரி நல்லா இருக்கணும், இல்லன்னா ஜம்ப் லீட் போட்டுக்கங்க. அப்பவும் வரலன்னா நாலு பிளக்கையும் கழட்டிக் காய வச்சுப் போடணும். லீடிங் பிளக், ட்ரெயிலிங் பிளக் ரெண்டும் வேற வேற, கழட்டும்போதே மார்க் பண்ணுங்க.

ஆயில் குடிக்குதாமே, ரிப்பேரா?

டிசைனே அப்படி. சீலுக்கு வழவழப்பு வேணும்னு கொஞ்சம் கொஞ்சமா ஆயில உள்ள விட்டு எரிக்குது. குடிக்கலன்னா தான் பயப்படணும், ஆயில அளந்து விடுற மீட்டரிங் பம்போ லைனோ அடைச்சிருக்கும். ரெண்டு டேங்குக்கு ஒரு தடவ டிப்ஸ்டிக் பாருங்க, பூட்ல ஒரு லிட்டர் 5டபிள்யூ-30 எப்பவும் கெடக்கட்டும். நெறைய பேர் டேங்க்லயும் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊத்துவாங்க, லிட்டர் பெட்ரோலுக்கு 5 மில்லி கணக்குல, ப்ரீமிக்ஸ்னு பேரு. நானும் ஊத்துறேன். ஊர்ல யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டுனவங்களுக்கு இது புதுசு இல்ல, பேர்லயும் ஆர்எக்ஸ், பழக்கமும் அதே.

மாடிஃபிகேஷன் எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பவர்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. முதல் காசு இக்னிஷன் காயிலுக்கு, பிளக்குக்கு கரண்ட் குடுக்குறது அது தான். நாலு காயில், 30,000 மைல் தாண்டுனா வீக் ஆக ஆரம்பிக்கும். காயில் செத்தா எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போயி புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்டர்ல எரியும், அது உருகி அடைச்சுக்கும், சூடு வெளிய போக வழியில்லாம இன்ஜினுக்கே திரும்பும், அபெக்ஸ் சீல் காலி. நாலாயிரம் பவுண்டு ரீபில்டோட ஆரம்பக் கதை பல தடவ ஒரு சாதாரண காயில் தான். பிளக், லீட் எல்லாம் சேத்து ஒரே நேரத்துல மாத்திடுங்க, ஈபேல கிடைக்குற பேரில்லாத மலிவு செட் வேணாம்.

ரெண்டாவது காசு கேஜுக்கு. முதல் சீரிஸ்ல டாஷ்போர்டுல அழகா ஒரு ஆயில் பிரஷர் முள் இருக்கும், அது சும்மா, ஆயில் பிரஷர் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு நடுவுல போயி நிக்கும். டெம்பரேச்சர் முள்ளும் கிட்டத்தட்ட அதே டைப், நடுவுலயே நின்னுட்டு திடீர்னு ஏறும், ஏறும்போது லேட். பத்து இருபது பவுண்டுக்கு ஒரு ஓபிடி ப்ளூடூத் டாங்கிள் (வண்டி கம்ப்யூட்டர்ல சொருகுறது) போட்டு ஃபோன்ல உண்மையான டிகிரியப் பாருங்க.

அதுக்கு அப்புறம் சஸ்பென்ஷன் புஷ், டிராப் லிங்க், நல்ல டயர், நல்ல பிரேக் பேட். 225/45 ஆர்18 ஒரிஜினல் சைஸ், அதுலயே நல்ல பிராண்டா போட்டா வண்டி முகமே மாறிடும். கோன் ஃபில்டர் போட்டா சத்தம் நல்லாருக்கும், ஆனா ஒரிஜினல் ஏர் பாக்ஸ் வெளிக்காத்த இழுக்குது, கோன் பானெட்டுக்குள்ள இருக்குற சூட்ட இழுக்கும், பவர் கொறையத் தான் செய்யும்.

டீகேட் (கேட்டலிடிக் கன்வெர்டர, அதாவது கேட்ட, எடுத்துட்டு வெறும் பைப்) போடலாமா? எல்லாரும் போட்டிருக்காங்க.

கேட்டுக்கு அப்புறம் வர்ற சைலன்சர மாத்துங்க, சத்தத்துக்கு அது போதும். கேட்ட எடுத்துட்டா எம்ஓடி ஃபெயில். வருஷத்துக்கு ஒரு தடவ பழசப் பூட்டி, பாஸ் ஆனதும் திருப்பி கழட்டுற கூத்து வேணாம். அடைச்ச கேட்டுக்கு பயந்து எடுக்குறேன்னா ஸ்போர்ட்ஸ் கேட் போடுங்க.

டர்போ?

வேண்டாம். ரெனிசிஸ்ல கம்ப்ரஷன் ரேஷியோ 10:1, எக்ஸாஸ்ட் போர்ட் பக்கவாட்டுல, ஏற்கனவே சூட்டுல தவிக்குற இன்ஜின். செஞ்சவங்க இருக்காங்க, கைல காசும் இன்னொரு காரும் இருக்குறவங்க. எந்த மாத்தம் பண்ணாலும், வீல் மாத்துனா கூட, இன்சூரன்ஸ்ல சொல்லிடுங்க. கழட்டுன ஒரிஜினல் பார்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க, விக்கும்போது தேடுவீங்க.

குழந்தை சீட் வைக்கலாமா?

வைக்கலாம், பின்னாடி ரெண்டு சீட் உண்மையான சீட். ஆனா பின் கதவு எதிர்ப்பக்கமா திறக்கும், முன் கதவத் திறந்தா தான் பின்னது திறக்கும். டெஸ்கோ பார்க்கிங்ல பக்கத்துல இன்னொரு கார் ஒட்டி நின்னா, ரெண்டு கதவையும் விரிச்சு நடுவுல நீங்க மாட்டிக்கிட்டு, கைல அழுகுற குழந்தை. வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுக்காரம்மாவ கூட்டிட்டுப் போயி ஒரு தடவ உக்காத்தி எடுத்துக் காட்டிடுங்க.

விக்கணும். எப்போ, எப்படி?

எம்ஓடி 10 மாசமாவது இருக்கும்போது, ஏப்ரல் மே வெயில் தலைகாட்டுறப்போ. மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசு திரும்ப வராது, ஒரிஜினலுக்கு மாத்தி வித்துட்டு நல்ல பார்ட்ட தனியா வித்தா தான் லாபம். விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி ரோட்டரி ஸ்பெஷலிஸ்ட் கிட்ட ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணி ஆறு நம்பர், தேதி, மைலேஜ் எல்லாம் தெரியுற மாதிரி பேப்பர ஃபோட்டோ எடுத்து முதல் ஃபோட்டோவா போடுங்க. நூறு பவுண்டுக்கு மேல ஆகலாம், ஆனா "இன்ஜின் எப்படி ப்ரோ"ன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு வர்ற மெசேஜ் நின்னுடும், விலையும் ஏறும். நம்பர் கொறச்சலா இருந்தா அப்படியே போடுங்க, அதுக்கும் ஆள் இருக்கு. பொய் சொல்லி வித்தா பிரைவேட் சேலா இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகலாம்.

டெஸ்ட் டிரைவ்க்கு வர்றவர்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கான்னு பாத்துட்டு சாவி குடுங்க. காசு பேங்க் டிரான்ஸ்ஃபர், உங்க ஆப்ல உங்க கண்ணால பாத்தா தான் வந்ததா அர்த்தம், அவர் ஃபோன்ல காட்டுற ஸ்க்ரீன்ஷாட் எதுக்கும் உதவாது. லாக் புக்ல பச்சை சிலிப்ப மட்டும் கிழிச்சுக் குடுத்துட்டு அவர் நிக்கும்போதே டிவிஎல்ஏ (வண்டி பதிவு பண்ற அரசாங்க ஆபீஸ்) சைட்ல சொல்லிடுங்க. விட்டீங்கன்னா அவர் வாங்குற பார்க்கிங் டிக்கெட் எல்லாம் உங்க வீட்டுக்கு வரும். டேக்ஸ் வண்டியோட போகாது, மிச்சம் இருக்குற முழு மாசத்துக்கு உங்களுக்கு ரீஃபண்ட், அவர் புதுசா கட்டிட்டுத் தான் ரோட்டுல எடுக்கணும்.

இன்ஜின் போயிடுச்சு. ரீபில்டா, ஸ்க்ராப்பா?

பாடி துரு இல்லாம இருந்து நீங்க இன்னும் நாலஞ்சு வருஷம் வச்சுக்கப் போறீங்கன்னா ரீபில்ட். நாலாயிரத்துல ஆரம்பிக்கும், ஹவுசிங்ல கீறல் விழுந்திருந்தா மேல போகும். வித்துடலாம்னு நெனச்சு ரீபில்ட் பண்ணாதீங்க, போட்டதுல பாதி கூட வராது. சில் துருப்பிடிச்ச வண்டின்னா ஸ்பேர்ஸ் ஆர் ரிப்பேர்னு (பார்ட்டுக்கோ ரிப்பேருக்கோ மட்டும்) போடுங்க, இல்ல எடம் இருந்தா பிரிச்சு வித்துடுங்க: கியர்பாக்ஸ், வீல், காயில், ஆர்3னா ரெகாரோ சீட்டுக்கு நல்ல காசு. மிச்சத்த ஸ்க்ராப் யார்டுல குடுக்கும்போது கேஷா தர்றேன்னா அங்க குடுக்காதீங்க, ஸ்க்ராப்புக்கு கேஷ் குடுக்குறதே சட்டப்படி தப்பு.

ஊருக்கு ஷிப் பண்ணி சென்னைல ஓட்டலாமா?

முடியாது. இந்தியாவுக்குள்ள பழைய கார் கொண்டு போகணும்னா தயாரிச்சு 3 வருஷத்துக்குள்ள இருக்கணும், அதுவும் மும்பை துறைமுகம் வழியா தான், டியூட்டி வேற தனி. கடைசி ஆர்எக்ஸ்-8 வெளிய வந்ததே 2012.